அம்மாவின் கீழ்ச்செட் ஆடுகிறது: இரண்டு ஆணியா, நாலு ஆணியா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவர் வெள்ளவத்தையில் தாயோடு இருக்கும் மகள். அம்மாவுக்கு 68 வயது. பல்லெல்லாம் கழற்றி ஒன்பது வருடம். மேல் பல்செட் பரவாயில்லை, கீழ்ச்செட் மூன்றாவது தடவை செய்தும் நிற்கவில்லை. பன்னிரண்டு வருடமாகச் சலரோகம். ஒரு கிளினிக்கில் நாலு இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் இறக்கும் ஆணி, வைத்து, கழற்றத் தேவையில்லாத பல்வரிசை பூட்டலாம் என்கிறார்கள். இன்னொரு டொக்டர் இரண்டே போதும், அதில் கொளுவிக் கழற்றுகிற செட் செய்யலாம் என்கிறார். ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா காசைப் பற்றி யோசிக்காதே, நல்லதைச் செய் என்கிறார். பெரியம்மா சென்னைக்குப் போகச் சொல்கிறார். அம்மாவோ, "சாகப்போற காலத்தில வாயில ஆணி அடிக்கோணுமே?" என்று கேட்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நான் பல் வைத்தியம் பார்க்கத் தொடங்கி இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. அதில் பெரும்பகுதி இந்தக் கொழும்பில்தான். இம்பிளான்ட் வைக்கவும் செய்கிறேன், மற்றவர்கள் வைத்து வந்ததைப் பழுதுபார்க்கவும் செய்கிறேன். இரண்டாவது வேலைதான் எனக்குக் கூடுதலாகக் கற்றுத்தந்தது. ஆகவே என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நான் இரண்டு ஆணிக் கட்சி. அம்மாவின் வாயை நான் பார்க்கவில்லை என்பதால், ஏன் அப்படிச் சொல்கிறேன், எந்த நிலையில் என் பேச்சு மாறும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், கீழ்ச்செட் ஏன் இப்படிச் சதிசெய்கிறது? மேல்செட் அண்ணம் முழுவதையும் மூடிக்கொள்கிறது. இடையில் மெல்லிய எச்சில் படலம். ஈரமான மேசையில் வைத்த கண்ணாடித் துண்டு போல அது கவ்விக்கொள்ளும். கீழே அந்த வசதி இல்லை. நடுவில் நாக்கு இருப்பதால் லாட வடிவத்தில் ஒடுக்கமான ஒரு மேட்டின் மேல்தான் செட் குந்தியிருக்க வேண்டும். நாக்கு வெளியே தள்ள, கன்னமும் சொண்டும் உள்ளே தள்ள, செட் நடுவே மிதக்கும். வயதானவர்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு கையை வாயருகே வைத்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெட்கத்தில் அல்ல, செட் இலையில் விழாமல் காவல் காக்கிறார்கள்.

அந்த மேடும் நிலையாக இருப்பதில்லை. பல் இருக்கும்வரைதான் அதைத் தாங்கும் எலும்புக்கு வேலை. பல்லைக் கழற்றிய முதல் வருடத்திலேயே அந்த இடத்து எலும்பின் அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். அதற்குப் பிறகும் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். செட் போட்டவர்களை 25 வருடம்வரை தொடர்ந்து பார்த்து 1972இல் வெளியான ஓர் ஆய்வு, கீழ்த்தாடை மேல்தாடையைப் போல நாலு மடங்கு தேய்கிறது என்று காட்டியது. பல் வைத்தியம் படித்தவர்கள் எல்லோருக்கும் அந்த ஆய்வு தெரியும். ஆகவே மூன்றாவது செட்டும் ஆடுவதற்குச் செய்தவர்தான் காரணம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

அதே நேரம் செய்தவரை முழுக்க விட்டுவிடவும் வேண்டாம். அவசரத்தில் அளவெடுத்த செட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓரங்கள் போதாமல், பல்லை எலும்பு மேட்டுக்கு வெளியே அடுக்கி, கடி பொருந்தாமல் செய்திருப்பார்கள். அப்படிப்பட்ட செட்டுக்குக் கீழே ஆணி வைத்தாலும் அது மோசமான செட்தான், ஆணி வைத்த மோசமான செட். அதனால் இம்பிளான்ட் பேச்சுக்கு முன் ஒரு படி இருக்கிறது. இப்போதுள்ள செட்டை உள்பக்கம் புதிதாக அடைத்துச் சரிக்கட்டினால், அதாவது ரீலைன் பண்ணினால், போதுமா என்று செட் வேலையில் தேர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். வோட் பிளேஸில் இருக்கும் அரசாங்கப் பல் வைத்தியசாலையில் இதற்கென்றே விசேட வைத்தியர்கள் இருக்கிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் அவர்களுக்கு உங்களிடம் எதையும் விற்க வேண்டிய தேவை இல்லை, அது பெரிய விஷயம்.

சரி, ரீலைன் பண்ணியும் நிற்காது, மேடே இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இனி ஆணிக்கு வருவோம்.

அம்மா ஆணி என்று சொல்வது பெரிய பிழையில்லை. இம்பிளான்ட் என்பது டைட்டேனியத்தில் செய்த சின்னத் திருகாணிதான். தடிப்பு 4 மில்லிமீற்றர், நீளம் 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். ஒரு புளியங்கொட்டைக்குள் அடங்கிவிடும். ஆனால் அதை யாரும் சுத்தியலால் அடிப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எலும்பு சூடாகிவிடாமல் உப்புத் தண்ணீரை விட்டுக்கொண்டே, மெதுவாகச் சுழலும் துளைகருவியால் படிப்படியாகத் துளையைப் பெரிதாக்கி, அதில் ஆணியைத் திருகி இறக்குவார்கள். தண்ணீர் ஏனென்றால், எலும்பு 47 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் உயிரணுக்கள் சாகத் தொடங்கிவிடும். வெந்த எலும்பு எதையும் பிடித்துக்கொள்ளாது.

எலும்பு டைட்டேனியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதையே தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார்கள். 1952இல் சுவீடனில் பெர்-இங்வார் பிரானமார்க் என்பவர் முயலின் கால் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டேனியத்தால் ஒரு சின்னக் கூடு செய்து பொருத்தினார். ஆய்வு முடிந்து, விலையான அந்தக் கூட்டைத் திருப்பி எடுக்கப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதோடு ஒன்றாகிவிட்டிருந்தது. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக வைத்தார். பிறவியிலேயே தாடைக் குறையுள்ள மனிதர் அவர். 2006இல் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அந்த ஆணிகளோடுதான் சாப்பிட்டார். "புது மருந்து, எங்களில் பரிசோதிக்கிறாங்கள்" என்று யாராவது பெரியவர் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லலாம்.

ஆனால் எலும்பு பிடிப்பதற்கு நேரம் வேண்டும். கீழ்த்தாடையில் இரண்டு மூன்று மாதம், எலும்பு மென்மையான மேல்தாடையில் நாலு முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வெளியே தெரியாத ஒரு தந்திரம் இருக்கிறது. வைத்த அன்றைக்கு ஆணி இறுக்கமாக இருப்பது திருகின இறுக்கம், மரத்தில் ஸ்குரூ நிற்பது போல. பிறகு உடல் காயப்பட்ட பழைய எலும்பைக் கரைத்துவிட்டுப் புதியதைக் கட்டும். பழையது போய், புதியது இன்னும் கெட்டியாகாத மூன்றாவது நாலாவது கிழமையில்தான் ஆணி மிகவும் பலவீனமாக இருக்கும். நோயாளிக்கோ அப்போதுதான் வீக்கமும் நோவும் முழுக்கப் போய், எல்லாம் சரியாகிவிட்ட நினைப்பு வரும். என்னிடம் வந்த ஒரு ஐயா, வைத்து இருபத்தோராம் நாள் ஆடிவேல் பார்க்கப்போய் ஒரு சுருள் கச்சானை முடித்துவிட்டு வந்தார். "டொக்டர், நோகவே இல்லை" என்றார். நோகாதுதான், ஆணிக்கு நரம்பில்லை. நாலில் ஒன்று விரலால் தொட ஆடியது.

'ஒரே நாளில் பல்' என்ற விளம்பரங்களை இதோடு சேர்த்துப் படியுங்கள். அது பொய்யில்லை. எலும்பு நன்றாக இருந்து ஆணிகள் நல்ல இறுக்கத்தில் இறங்கினால் அன்றைக்கே ஒரு தற்காலிகப் பல்வரிசையைப் பூட்டலாம். ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்குச் சாப்பாடு இடியப்பம், சொதி, குழைத்த சோறுதான். நிரந்தர வரிசை பிறகுதான் வரும். விளம்பரத்தில் ஆப்பிள் கடிக்கிறவர் அந்த முதல் நாள் நோயாளி இல்லை.

இப்போது இரண்டுக்கும் நாலுக்கும் வருவோம்.

இரண்டு ஆணி முறையில், கீழ்த்தாடையின் முன்பக்கம், வேட்டைப்பல் இருந்த இரண்டு இடங்களில் ஒவ்வொன்று வைப்பார்கள். நாடிப் பகுதியில்தான் வருடக்கணக்காகத் தேய்ந்த பிறகும் எலும்பு மிஞ்சியிருக்கும். அதோடு தாடைக்குள் ஓடிவரும் நரம்பு அதற்குப் பின்னாலேயே, முன்கொடுப்புப் பல் இருந்த இடத்தில், வெளியே வந்துவிடுகிறது. அதனால் நரம்பில் பட்டுச் சொண்டு விறைத்துப்போகும் ஆபத்தும் இங்கே குறைவு. வேலையும் சின்னது, பல் கழற்றும்போது போடும் அதே விறைப்பு ஊசியில் முடிந்துவிடும். அம்மா ஒரேயடியாகப் பல்லெல்லாம் கழற்றியவர் என்றால் அன்றைக்குப் பட்ட பாட்டை விட இது குறைவாகத்தான் இருக்கும்.

எலும்பு பிடித்த பிறகு ஆணியின் தலையில் ஒரு குட்டிக் குமிழைப் பூட்டுவார்கள். லொக்கேட்டர் என்று சொல்வார்கள், அது ஒரு கம்பெனி தன் சாமானுக்கு வைத்த பெயர்தான், ஆனால் பொதுப் பெயராகிவிட்டது. செட்டின் உள்பக்கம் அதற்குப் பொருந்தும் ஒரு நைலோன் வளையம். சட்டையில் பூட்டும் பிரஸ் பட்டன் மாதிரியேதான். இப்போதுள்ள செட் நல்லதாக இருந்தால் அதற்குள்ளேயே குடைந்து வளையத்தை ஒட்டிக்கொள்ளவும் முடியும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு முதல் தடவை பூட்டிக்காட்டியது நினைவிருக்கிறது. விரலால் அழுத்தினார், 'டிக்' என்றது. நாக்கால் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. கன்னத்தை உப்பிப் பார்த்தார். மறுபடி நாக்கால் தள்ளினார். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் இதையே செய்துகொண்டிருந்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட முடியாமல் நின்றேன்.

இந்த முறை ஏதோ ஏழைகளுக்கான மலிவுப் பதிப்பு என்று அண்ணா நினைக்கக்கூடும். அவர் இருக்கிற கனடாவிலேயே, மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில், 2002இல் இத்துறை வல்லுநர்கள் கூடி ஒரு கருத்துக்கு வந்தார்கள்: பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு வெறும் செட்டை முதல் தெரிவாகக் கொடுக்கக்கூடாது, இரண்டு ஆணியில் நிற்கும் செட்டைத்தான் கொடுக்க வேண்டும் என்று. 2009இல் இங்கிலாந்தின் யோர்க்கில் கூடியவர்களும் அதையே சொன்னார்கள். இதை அண்ணாவுக்கு அனுப்பிவிடுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பின்பக்கம் செட் இன்னமும் முரசில், அதாவது ஈறில்தான், குந்தியிருக்கும். கீழே உணவு போகும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். மீன், கணவாய், பக்குவமாக அவித்த இறைச்சி எல்லாம் பிரச்சினையில்லை, கச்சானும் பார்த்துச் சாப்பிடலாம். புழுக்கொடியலுக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். நைலோன் வளையம் தேய்ந்து 'டிக்' சத்தம் போய்விடும், ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருக்கால் மாற்ற வேண்டும். பத்து நிமிட வேலை, பெரிய செலவில்லை. ஆனால் வளையத்தை மாற்றாமல் இழுத்தடித்தால் குமிழே தேய்ந்துவிடும், அது செலவு.

நாலு ஆணியில் கழற்றாத வரிசை பூட்டும் முறையைப் போர்த்துக்கலில் பவுலோ மாலோ என்ற பல் வைத்தியர் தொண்ணூறுகளில் உருவாக்கினார். முன்னால் இரண்டை நேராகவும் பின்னால் இரண்டை நன்றாகச் சரித்தும் வைப்பது அதில் உள்ள சூட்சுமம். சரித்து வைப்பதால் கீழே நரம்பையும் மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றுப்பையையும் தொடாமல், எலும்பு ஒட்டவைக்கும் சிகிச்சையும் இல்லாமல், பின்பல்வரை தாங்க முடிகிறது. நல்ல முறைதான். ஐம்பது வயதில் பல்லெல்லாம் போனவர், செட் என்றாலே ஓங்காளிப்பவர், கழற்றி வைக்கும் நினைப்பையே தாங்க முடியாதவர், கை சுறுசுறுப்பாக இருப்பவர் என்றால் நானே அதைத்தான் சொல்லுவேன். கடிக்கும் பலத்திலும் அது ஒருபடி மேலேதான்.

உங்கள் அம்மாவுக்கு ஏன் தயங்குகிறேன்? நான் பார்ப்பது 68 வயது அம்மாவை அல்ல, 83 வயது அம்மாவை. கழற்றாத வரிசை என்றால் நோயாளியால் கழற்ற முடியாத வரிசை. அதற்கும் முரசுக்கும் இடையே உள்ள சந்துக்குள் சின்னத் தூரிகையையும் தடித்த நூலையும் விட்டு ஒவ்வொரு நாளும் துப்புரவாக்க வேண்டும். விரல் மூட்டு நொந்து, கண்ணும் மங்கினால் அது நடக்காது. பக்கவாதமோ மறதி நோயோ வந்து படுக்கையில் இருந்தால், வாயைத் திறக்க மறுக்கிற ஒரு மனிசிக்கு அதை இன்னொருவர் செய்ய வேண்டும். வீட்டுக்குப் போய் அப்படி ஒரு நோயாளியைப் பார்த்திருக்கிறேன். விலையுயர்ந்த வேலை, அழகான வேலை. அதன் கீழே என்ன இருந்தது என்று இங்கே எழுதாமல் விடுகிறேன். கொளுவுகிற செட் என்றால் மகளோ கூலிக்கு நிற்கிற பெண்ணோ கழற்றித் தண்ணீரில் அலசிவிட்டு, வாய்க்குள் தெரிகிற இரண்டு குமிழையும் மெல்லிய துணியால் துடைத்துவிடலாம். ஒன்றுமே முடியாத நிலை வந்தால் குமிழ்களையே கழற்றிவிட்டு முரசால் மூடவிடவும் வழியுண்டு.

துப்புரவு பற்றி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சொந்தப் பல்லைச் சுற்றி முரசு நார்கள் பல்வேருக்குள் பின்னி ஒரு வேலி மாதிரி நிற்கும். ஆணியைச் சுற்றி அந்த வேலி இல்லை, முரசு வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். கிருமி இறங்கினால் எலும்புவரை தடையில்லாமல் போகும். நோவும் இராது. தொட்டால் இரத்தம், கொஞ்சம் கெட்ட வாடை, பிறகு ஒருநாள் ஆட்டம். பழைய நாளில் முரசு நோயால் பல்லை இழந்தவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இந்த ஆபத்துக் கூட. நன்றாகப் பராமரித்தால் பத்து வருடத்துக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆணிகள் நிற்கின்றன. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் காட்ட வேண்டும். வைத்துவிட்டு மறந்துவிடும் சாமான் இது இல்லை.

மேல்செட்டைத் தொட வேண்டாம். ஆடாமல் இருக்கிறதல்லவா? மேலே ஆணியில் நிற்கும் செட் செய்வதென்றால் எலும்பு மென்மை என்பதால் குறைந்தது நாலு ஆணியாவது வேண்டும். கீழே பிடிமானம் வந்தபின் கடி பலமாகும், அதனால் மேல்செட்டின் முன்பக்கம் ஒரு சில வருடத்தில் தளரலாம். அப்போது ரீலைன் பண்ணிக்கொள்ளலாம்.

அடுத்தது சலரோகம். 'சுகர் உள்ளவருக்கு இம்பிளான்ட் வைக்கக்கூடாது' என்பது பழைய கதை. கட்டுப்பாட்டில் இருந்தால் வைக்கலாம். காலையில் வெறும் வயிற்றில் பார்த்த ஒருநாள் கணக்கு எனக்கு உதவாது, மூன்று மாதக் கணக்கைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை வேண்டும். அது 7க்குக் கிட்ட இருந்தால் எனக்கு நிம்மதி. 8ஐத் தாண்டினால் பொறுக்கச் சொல்லி, சலரோக டொக்டரிடம் அனுப்பிவிட்டு, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லுவேன். அவசரப்பட ஒன்றுமில்லை, ஒன்பது வருடம் பொறுத்தவர் மூன்று மாதம் பொறுக்க மாட்டாரா?

சலரோகத்தை விட எனக்கு நெஞ்சிடிப்பைத் தருவது யாரும் சொல்ல நினைக்காத ஒரு குளிசை. எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒன்று, காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்கச் சொல்லும் அலெண்ட்ரோனேட் குளிசை. அல்லது வருடத்துக்கு ஒருக்கால் ஏற்றும் சொலெட்ரோனிக் அசிட், ஆறு மாதத்துக்கு ஒருக்கால் போடும் டெனோசுமாப் ஊசி. அம்மாவின் வயதில் இவை சாதாரணம். பல் டொக்டரிடம் முழங்கால் டொக்டர் தந்த குளிசையை ஏன் சொல்வான் என்று விட்டுவிடுவார்கள். இந்த மருந்துகள் எடுக்கும் சிலருக்குத் தாடையில் வெட்டிய இடம் ஆறாமல் எலும்பு இறந்துபோகலாம். எலும்புத் தேய்வுக்கான அளவில் இது அரிது, புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவில் அப்படி அல்ல. எப்படியும் கத்தி வைப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற குளிசைகளை நீங்களாக நிறுத்திவிட்டும் வர வேண்டாம். இரத்தம் வழிந்தால் நான் பஞ்சை வைத்து அழுத்தி நிறுத்துவேன், மாரடைப்பை அப்படி நிறுத்த முடியாது.

வெற்றிலை போடுகிறவரா? நீங்கள் எழுதவில்லை. பாக்கு வாயின் உள்தோலை இறுக்கிவிட்டால் துளைகருவி நுழையவே இடமிராது. வாய்ப் புற்றுக்கு மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்வீச்சு எடுத்தவர் யாராவது இதை வாசித்தால், அந்தத் தாடையில் ஆணி என்பது முழுக்க வேறு கதை, முதலில் அங்குள்ள வைத்தியரிடம் கேளுங்கள்.

ஸ்கான் பற்றி ஒரு வரி. சாதாரணப் பெரிய எக்ஸ்ரே எலும்பின் உயரத்தைக் காட்டும், தடிப்பைக் காட்டாது. கோன்பீம் சிடி என்ற ஸ்கான் மூன்று பக்கமும் காட்டும். பின்பக்கம் ஆணி வைப்பதாக யாராவது சொன்னால் அந்த ஸ்கான் இல்லாமல் சம்மதிக்க வேண்டாம்.

காசுக் கணக்கு. நான் இங்கே தொகை எழுதப்போவதில்லை, ஏனென்றால் ஆணியும் குமிழும் வளையமும் எல்லாமே இறக்குமதி. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்துக்குள் 360ஐத் தொட்டபோது எங்கள் விலைப்பட்டியல்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. ஆனால் இரண்டு கிளினிக்கின் தொகையை ஒப்பிடுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: அந்தத் தொகையில் ஸ்கான் அடக்கமா, குமிழ் அடக்கமா, செட் அடக்கமா, தற்காலிக வரிசை மட்டும்தானா நிரந்தர வரிசையுமா, எலும்பு பிடிக்காமல் ஓர் ஆணி விழுந்தால் மறுபடி வைக்க யார் காசு? 'ஒரு இம்பிளான்ட் இவ்வளவு' என்று சொல்கிற இடத்தில் பெரும்பாலும் அது வெறும் ஆணியின் விலைதான். வைப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியரா என்பதையும் பாருங்கள். கேட்பதில் வெட்கமில்லை, கேட்டால் கோபிக்கிறவரிடமிருந்து எழும்பி வந்துவிடலாம்.

பெரியம்மா சொல்கிற சென்னை. அங்கே கைதேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். பறப்பு ஒன்றேகால் மணித்தியாலம்தான். ஆனால் குறைந்தது இரண்டு பயணம் வேண்டும், இடையில் மூன்று மாதம். ஆணி வைத்த பத்தாம் நாள் இரவு வீங்கினால் கைபேசியில் படம் அனுப்பித்தான் கேட்க வேண்டும். பிறகு வருகிற பதினைந்து வருட வளையம் மாற்றலுக்கு யார்? ஒரு அனுபவம் சொல்கிறேன். வெளிநாட்டில் வேலை முடித்து வந்த ஒருவர், இடம் எதுவென்று எழுத மாட்டேன், பல்வரிசையில் ஒரு ஸ்குரூ தளர்ந்து என்னிடம் வந்தார். இறுக்குவது இரண்டு நிமிட வேலை. ஆனால் எந்தக் கம்பெனி ஆணி என்று அவரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் திருகிறதுக்கு வெவ்வேறு சாவி. அறுகோணம், நட்சத்திரம், சதுரம் என்று என்னிடமுள்ள எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்ரேயை நண்பர்களுக்கு அனுப்பி, ஆணியின் உருவத்தை வைத்து ஊகித்து, சாவியைத் தருவித்து இறுக்க இரண்டு மாதம் போனது. அதுவரை மனுசன் ஒரு பக்கத்தால்தான் சாப்பிட்டார்.

ஆகவே எங்கே செய்தாலும், ஆணியின் பெட்டியில் இருக்கும் ஒட்டுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி, மொடல், தடிப்பு, நீளம், தொகுதி இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். கிளினிக் கொப்பியில் ஒன்று, உங்கள் கையில் ஒன்று. அதைப் படமெடுத்து அண்ணாவுக்கும் அனுப்பிவையுங்கள், இங்கே வீடு மாறும்போது தொலைந்தாலும் ரொறன்ரோவில் இருக்கும். கம்பெனியைத் தெரிவுசெய்யும்போது உலகத்தில் சிறந்தது எது என்று கேட்பதை விட, கொழும்பில் சாமான் கிடைப்பது எது, இந்த டொக்டர் நாளைக்கு ஒஸ்ரேலியாவுக்குப் போய்விட்டால் காலி வீதியில் வேறு யார் இதைப் பார்ப்பார் என்று கேளுங்கள். கடந்த சில வருடத்தில் எத்தனை பேர் போய்விட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாப் பல்லும் போகாமல் ஒன்றிரண்டு மட்டும் இல்லாதவர்களும் இதை வாசிப்பார்கள். உங்களுக்குக் கணக்கு வேறு. ஒரு பல் இல்லாத இடத்தில் பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பல்லுகள் தாங்கும் பாலம், கட்டுவதென்றால் இரண்டு பக்கத்து நல்ல பல்லையும் சீவ வேண்டும். அந்தப் பல்லுகள் பழுதில்லாமல் இருந்தால் ஆணி வைத்து ஒற்றைப் பல் கட்டுவதுதான் நல்லது. அவை ஏற்கெனவே அடைத்து, கவசம் போட வேண்டிய நிலையில் இருந்தால் பிரிட்ஜே போதும். கடைசிக் கொடுப்புப் பல் ஒன்று போனால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் விடலாம், யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் அம்மாவிடம் திரும்புவோம். சாகப்போற காலம் என்று சொல்கிறவரிடம் எலும்பு, டைட்டேனியம் என்று விளக்கிப் பயனில்லை. இப்படி ஆணி வைத்த ஒரு மனிசியை அவரோடு கதைக்க விடுங்கள். டொக்டரிடம் கேட்டால் சம்மதிக்கிற பழைய நோயாளி ஒருவரை அவர் ஒழுங்குசெய்து தருவார். கதைத்த பிறகும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ரீலைன் பண்ணிய செட்டும், கொஞ்சம் ஒட்டுப் பசையும், மெதுவான சாப்பாடுமாக அவர் சந்தோசமாக இருந்தால் அண்ணாவின் காசு அண்ணாவிடமே இருக்கட்டும்.

சம்மதித்தால், முதல் சந்திப்புக்கு எல்லாக் குளிசைகளையும் பெட்டியோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். பழைய மூன்று கீழ்ச்செட்டுகளும் வீட்டில் எங்காவது போத்தலில் கிடக்கும், அவற்றையும் கொண்டுவாருங்கள். எலும்பு எப்படித் தேய்ந்து வந்தது என்று அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரியும். நன்றாக இருப்பதை நகலெடுத்து, ஸ்கானில் தெரிகிற பொட்டு வைத்து, ஆணி எங்கே வரவேண்டும் என்று குறிக்கவும் பாவிக்கலாம். இப்போது போடுகிற செட்டை மட்டும் வாயில் போட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள். டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்தால், வருகிற வழியில் கடலை உறை என்று நினைத்து யாராவது எறிந்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்தே இரண்டு செட் அப்படிப் போயிருக்கிறது.